வரப்பு முடிகிற வரைக்கும் பாட்டு

குற்றாலத்தில் சீசன் எப்படி என்று கேட்டு நிறையப் பேர் செய்தி அனுப்பியிருந்தீர்கள். சாரல் நன்றாக இருக்கிறது. நம்மூரில் சூரியகாந்தி பார்க்க வருகிற கார்களை எண்ணி மாளவில்லை. 'ரோஜா' படம் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் சுந்தரபாண்டியபுரத்துக்கு இன்னும் அந்தப் படத்தின் பேர்தான் முகவரி. இன்றைக்கு நான் எழுத வந்தது வேறு விஷயம். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் லண்டனில் இருந்து என் பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். அவள் மகள் அங்கே மேற்கத்திய முறையில் வாய்ப்பாட்டு படிக்கிறாள். அடுத்த மாதம் பரீட்சை. பியானோவோடு பாடுகிற பாட்டுகள் தயாராக இருக்கின்றன. ஆனால் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், வெறும் குரலில், மரபாக வழங்கி வருகிற ஒரு பாட்டையும் பாட வேண்டுமாம். எந்த நாட்டுப் பாட்டாகவும் இருக்கலாம், எந்த மொழியிலும் பாடலாம்.

"கூடப் படிக்கிறவங்க எல்லாரும் இங்கிலீஷ் பாட்டுத்தான் பாடுறாங்க சார். இவ மட்டும் நம்மூர்ப் பாட்டு பாடணும்னு நிக்கிறா. யாரும் பாடாத பாட்டா ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

"இது என்ன பிரமாதம், சாயங்காலம் சொல்லுதேன்" என்றேன். அந்தச் சாயங்காலம் வருவதற்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் பரீட்சையைப் பற்றிச் சொல்கிறேன். ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்கிற அந்த வாரியம் 1889-இல் லண்டனின் இரண்டு பெரிய இசைக் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கியது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதுகிறார்கள். பியானோவும் நோட்டுப் புத்தகமுமாக இருக்கிற இடத்தில் நாட்டுப் பாட்டுக்கு என்ன வேலை என்று எனக்கு யோசனை வந்தது. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

செசில் ஷார்ப் என்று ஒரு இசை ஆசிரியர். 1903-இல் சாமர்செட் பகுதியில் ஹாம்பிரிட்ஜ் என்கிற கிராமத்துப் பாதிரியார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்தார். அங்கே தோட்டவேலை செய்துகொண்டிருந்த ஜான் இங்கிலாந்து என்பவர் வேலையோடு வேலையாக ஒரு காதல் பாட்டைப் பாடினார். ஷார்ப் நோட்டை எடுத்து, பாட்டையும் மெட்டையும் அப்படியே குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஊர் ஊராக அலைந்து ஆயிரக்கணக்கில் பாட்டுகளைச் சேர்த்தார். 1906-இல் அவரும் பேரிங் கூல்ட் என்கிற பாதிரியாரும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு நாட்டுப்பாடல் புத்தகம் கொண்டுவந்தார்கள். தோட்டக்காரர் வாயில் இருந்த பாட்டு வகுப்பறைக்கு வந்தது இப்படித்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வகுப்பறைக்கு வரும்போது பல பாட்டுகளின் வார்த்தைகளை மாற்றினார்கள். பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்று பெரியவர்கள் நினைத்ததை எல்லாம் எடுத்துவிட்டு, நல்ல பிள்ளையாக்கிக் கொடுத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

சரி, நம்மூர்ப் பாட்டுக்கு வருவோம். எனக்கு முதலில் தோன்றியது காவடிச்சிந்து. பக்கத்தில் சங்கரன்கோவில் பகுதியில் இருக்கிற சென்னிகுளம்தான் அண்ணாமலை ரெட்டியார் ஊர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரவில் இருந்தவர். கழுகுமலை முருகன் மேல் அவர் பாடிய சிந்துகள் இன்றைக்கும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. 1891-இல், இளவயதிலேயே மறைந்துபோனார். காவடி தூக்கிக்கொண்டு கால்நடையாகப் போகிறவர்களின் நடையும் மூச்சும் அந்தப் பாட்டுக்குள் இருக்கும். ஜனங்கள் பாடிக்கொண்டிருந்த சிந்து மெட்டு, ஒரு புலவர் கையில் பட்டு மேடைக்கு ஏறிய கதை அது.

அடுத்து குற்றாலக் குறவஞ்சி. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடியது. மதுரை நாயக்க மன்னர் அதற்குப் பரிசாக நிலம் கொடுத்தார் என்றும் அந்த நிலத்துக்கே குறவஞ்சி மேடு என்று பெயர் வந்தது என்றும் நான் வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அதிலும் குறத்தி குறி சொல்வதும் பெண்கள் பந்தடிப்பதும் எல்லாம் ஜனங்களின் மெட்டில் அமைந்தவைதான்.

இரண்டையும் சொன்னேன். அந்தப் பிள்ளையே போனில் வந்து, "தாத்தா, இது ரெண்டுக்கும் எழுதினவங்க பேரு இருக்கு. கச்சேரியிலயும் பாடுறாங்க. நான் யாருமே எழுதாத பாட்டு கேட்டேன்" என்றது. பதினைந்து வயதுப் பிள்ளை என் வாயை அடைத்துவிட்டது.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தப் புலவர்களே வயலிலும் வீதியிலும் காதைக் கொடுத்துக் கேட்டவர்கள்தான். பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வந்து, 1920 வரை நம் பக்கத்துக் கடையத்தில் இருந்தவர். அவருடைய குயில்பாட்டில் தன் மனத்தைப் பறிகொடுத்த பாட்டுகளைக் குயில் வரிசையாகச் சொல்லும். ஏற்றம் இறைக்கிறவர் பாட்டு, நெல் குத்தும் பெண்கள் பாட்டு, சுண்ணம் இடிப்பவர்கள் பாட்டு, பண்ணையில் வேலை செய்யும் பெண்களின் பாட்டு என்று போகும். குழலும் வீணையும்கூட அந்த வரிசையில் உண்டு. ஆனால் உழைக்கிறவர்கள் பாட்டை அவற்றுக்கு முன்னால் வைத்தார் பாரதி. பத்தாம் வகுப்பில் இதை நான் மனப்பாடமாக நடத்தியிருக்கிறேன். நடத்தினேனே தவிர, புரிந்துகொண்டேனா என்பதைக் கீழே சொல்கிறேன்.

யாரும் எழுதாத பாட்டை யாராவது எழுதி வைத்திருப்பார்களே என்று அலமாரியைக் குடைந்தேன். நம் நாட்டுப் பாடல்கள் காகிதத்துக்கு வந்த கதையும் சுவாரசியமானது. சார்லஸ் கோவர் என்கிற ஆங்கிலேயர் 1871-இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்கள் என்று ஒரு புத்தகம் போட்டார். ஆனால் அதில் திருக்குறளும் புரந்தரதாசர் பாட்டும் சேர்ந்திருக்கின்றன. நல்லொழுக்கம் சொல்லும் பாட்டுகள்மேல்தான் அவருக்குப் பிரியம். பெர்சி மாக்வீன் என்கிற ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்து வைத்திருந்த பாட்டுகளைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 1958-இல் 'மலையருவி' என்ற பெயரில் தஞ்சை சரசுவதி மகால் வெளியிட்டது.

பிறகு நம் நெல்லைச் சீமைக்காரர், நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்த பேராசிரியர் நா. வானமாமலை. அவரும் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தவர்தான். அவருடைய 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இல் வந்தது. தாலாட்டு, காதல், உழவு, ஒப்பாரி என்று வாழ்க்கையின் வரிசையில் பாட்டுகள். பாட்டுக்கடியில் வட்டார வழக்குச் சொல்லுக்குப் பொருள் இருக்கும். சேகரித்தவர் யார், எந்த இடம் என்றும் இருக்கும். விளாத்திகுளம் பக்கம் போத்தையா மாதிரி ஆசிரியர்கள் அலைந்து திரிந்து கொண்டுவந்த பாட்டுகள் அவை. ஜனங்கள் பாட்டில் அவர்களுடைய கூலியும் பசியும் கோபமும் இருக்கிறது, அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்பது நா.வா.வின் கட்சி.

அதில் நடவுப் பாட்டுகளைப் புரட்டினேன். நல்ல பாட்டுகள் இருந்தன. ஆனால் காகிதத்தில் வார்த்தைதான் இருக்கிறது, மெட்டு இல்லை. ஷார்ப் மெட்டையும் குறித்துக்கொண்டதால்தான் இன்றைக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகள் அதைப் பாட முடிகிறது. லண்டன் பிள்ளைக்கு நான் வார்த்தையை அனுப்பினால் அது என்ன ராகத்தில் பாடும்? பாடத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். இந்த எண்ணம் வந்ததும் எனக்கு ஒருத்தியின் ஞாபகம் வந்தது. அதோடு வயிற்றைக் கலக்குகிற மாதிரி ஒரு பழைய சங்கதியும் வந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளி ஆண்டு விழா. பாட்டுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற வேலை எனக்கு. எட்டாம் வகுப்பில் ஒரு பெண். நல்ல கணீர்க் குரல். அவள் அம்மா நடவுக்குப் போகிறவர், வயலில் முதல் குரல் எடுத்துப் பாடுகிறவர். "என்ன பாடுத?" என்று கேட்டேன். ஒரு நடவுப் பாட்டைப் பாடினாள். நாற்றுமுடி கொண்டுவர அண்ணன்காரன் சுணங்குவது, வரப்பில் தூளியில் கிடக்கிற பிள்ளை அழுவது, வெயில் ஏறுவது என்று போயிற்று. கடைசியில் கூலி அளக்கிற மரக்காலைப் பற்றி ஒரு கேலி. வேலை வாங்கும்போது பெரிசாக இருக்கிற வயல், கூலி அளக்கும்போது மட்டும் எப்படிச் சிறுத்துப் போகிறது என்பது அதன் கருத்து. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் அந்த வருடம் விழாச் செலவில் பாதியைக் கொடுத்தவர் நாலைந்து கோட்டை விதைப்பாடு வைத்திருந்த ஒரு பெரியவர். அவர்தான் தலைமை. எனக்குப் பயம் வந்துவிட்டது. "இது வயக்காட்டுப் பாட்டும்மா, மேடைக்கு ஒத்து வராது. வேற ஏதாவது பாடு" என்று சொன்னேன். அவளுக்கு வேறு பாட்டு தெரியாது. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம், அந்த வருடம் வேறொரு பிள்ளை மேடையேறி பாரதியார் பாட்டு பாடி முதல் பரிசு வாங்கியது. பண்ணைப் பெண்களின் பாட்டில் மனதைப் பறிகொடுத்தேன் என்று குயிலைச் சொல்ல வைத்த அதே பாரதியின் பாட்டு! ஒரு பாரதியார் பாட்டை வைத்து ஒரு வயக்காட்டுப் பாட்டைத் தள்ளிவிட்டேன். தலைமையாசிரியர் சொல்லவில்லை. அந்தப் பெரியவரும் சொல்லவில்லை. நானாகச் செய்தேன். அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, வீட்டுக் கஷ்டம்தான் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவளைத் தேடிப் போனேன். ஊருக்குள்ளேதான் இருக்கிறாள். நாலு பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன். முதலில் சிரித்தாள்.

"அந்தப் பாட்டையா கேக்கிய? அன்னைக்கு வேண்டாம்னு சொன்னியளே சார்."

மறந்திருப்பாள் என்று நினைத்தது என் தப்பு. "தப்புப் பண்ணிட்டேன் தாயி" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெகுநேரம் கழித்து, "எங்கம்மா இருந்தா முழுசாப் பாடுவா. எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வாசலில் உட்கார்ந்து பாடினாள். குரல் தேய்ந்திருந்தது. சுதி விலகவில்லை.

பாதிப் பாட்டு என்றதும் எனக்குக் கம்பர் கதை ஞாபகம் வந்தது. ஏற்றம் இறைக்கிறவர் ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பொழுது சாய்ந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விட, மீதியைக் கேட்பதற்காகக் கம்பர் விடிய விடிய அங்கேயே காத்திருந்தார் என்று சொல்வார்களே, அந்தக் கதை. எனக்கு மீதிப் பாட்டு போயேபோய்விட்டதே என்று வருத்தப்பட்டுச் சொன்னேன். அதற்கு அவள் சொன்ன பதிலைத்தான் இந்தப் பதிவுக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

"பாதி, முழுசுன்னு இதுக்கு என்ன சார் கணக்கு? வரப்பு முடியிற வரைக்கும் பாட்டு. வயல் பெரிசா இருந்தா அம்மா ரெண்டு கண்ணி கூடப் போடுவா. சின்ன வயல்னா சீக்கிரம் முடிச்சிருவா. அன்னைக்கு யாரு சுணங்குதாவளோ அவுக பேரு பாட்டுல வந்துரும்."

முப்பத்தைந்து வருடம் தமிழ் நடத்திய எனக்கு இது தெரியாது. ஏற்றப்பாட்டு எத்தனை சால் இறைத்தோம் என்று கணக்கு வைக்கிற பாட்டு. பம்பு செட் வந்ததும் அந்தக் கணக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று, பாட்டும் போயிற்று. நடவுப் பாட்டும் அதே மாதிரி. தொளியில் குனிந்தபடி, பின்னால் பின்னால் நகர்ந்து நடுகிற பெண்கள் எல்லோருடைய கையும் ஒன்றாகப் போவதற்கு அது தாளம். முதல் குரல் பாடும்போது மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள், மற்றவர்கள் வாங்கிப் பாடும்போது முதல் குரல் மூச்சு வாங்கும். நடுவில் குலவை. குனிந்த வயிற்றில் நீள மூச்சு நிற்காது, அதனால் அடிகள் குட்டை குட்டையாக இருக்கும். இப்போது காண்ட்ராக்ட் நடவு வந்துவிட்டது, சில இடங்களில் நடவு இயந்திரமும் வந்துவிட்டது. நம்மூர் வயலில் பாட்டுச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான் போனில் பதிவு செய்துகொண்டேன். லண்டனுக்கு அனுப்புவதற்கு முன்னால் மறுபடி ஒரு சபலம். மரக்கால் கண்ணி வேண்டாம், அண்ணன்காரன் கண்ணியோடு நிறுத்திவிடலாம், வெளிநாட்டுக்காரர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று ஒரு நினைப்பு. பேரிங் கூல்ட் பாதிரியார் செய்த வேலையை நாற்பது வருடத்துக்கு முன்னால் நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். மறுபடியும் செய்யப் போனேன். கை நடுங்கியது. முழுசாக அனுப்பினேன்.

அந்தப் பிள்ளை இப்போது தினமும் வீடியோ காலில் நம்மூர்க்காரியிடம் பாடம் கேட்கிறது. முதல் நாள், நின்ற இடத்தில் நிமிர்ந்து, அழகாக இழுத்துப் பாடியது. "இப்படி நிமிர்ந்து நின்னு பாடினா நடவு எப்படி நடும்? குனிஞ்சு பாடு தாயி, அப்பம்தான் எங்க மூச்சு விடணும்னு தெரியும்" என்று சொன்னாள். பிள்ளை லண்டனில் சமையலறைத் தரையில் குனிந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து பாடியதாம். மெட்டு அன்றைக்குத்தான் பிடிபட்டது என்று அவள் அம்மா சொன்னாள். பரீட்சையில் நிமிர்ந்துதான் பாடுவாள். ஆனால் மூச்சு குனிந்த மூச்சாக இருக்கும்.

தேர்வில் எல்லாவற்றுக்கும் நேரக் கணக்கு உண்டு, அதனால் நான்கு கண்ணி போதும் என்று முடிவு செய்தோம். எந்த நான்கு என்று கேட்டதற்கு, மரக்கால் கண்ணியை விடவேண்டாம் என்று பாட்டுக்காரி சொல்லிவிட்டாள். "அதுதான் சார் எங்கம்மாவோடது. மத்ததெல்லாம் எல்லாரும் பாடுறதுதான்."

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. யாருமே எழுதாத பாட்டு என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தக் கண்ணியைக் கட்டியவருக்கு ஒரு பேர் இருக்கிறது. நம்மூரில் வாழ்ந்து, நம் வயல்களை நட்டு, நம்மூரிலேயே மறைந்தவர். அந்தப் பேரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பரீட்சைக்குப் போகிற தாளில் பாட்டின் பேரோடு, பாடிக் கொடுத்தவர் பேரையும் அவர் அம்மா பேரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். இங்கே அந்தப் பேர்களை எழுதாததற்குக் காரணம், அவளைக் கேட்காமல் எழுதக்கூடாது என்பதுதான். கேட்டேன். "பிள்ள பாஸாகட்டும், அப்புறம் எழுதுங்க" என்றாள். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க இந்தப் பாட்டுக்கு மார்க்குப் போடுவாவளா சார்?"

போடுவார்கள் என்று சொன்னேன். எட்டாம் வகுப்பில் நான் போடாத மார்க்கு அது.

இப்போது நம் பள்ளிகளிலும் கலைத் திருவிழா நடக்கிறது, நாட்டுப்புறப் பாட்டுக்கும் இடம் இருக்கிறது. சந்தோஷம். உங்களில் ஆசிரியர்களாக இருக்கிறவர்கள் பலர். பிள்ளைகளுக்கு யூடியூபில் இருந்து ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். "உங்க ஆச்சி என்ன பாடுவா?" என்று முதலில் கேளுங்கள். அந்தப் பிள்ளை பாடுவதில் உங்களுக்குச் சங்கடமான வரி ஒன்று வந்தால், அதை வெட்டுவதற்கு முன்னால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவிடமோ ஆச்சியிடமோ பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமோ உட்காருங்கள். தாலாட்டோ, நடவுப் பாட்டோ, கும்மியோ, ஒப்பாரியோ எது வந்தாலும் போனில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பேர், ஊர், அவர் யாரிடம் கற்றுக்கொண்டார் என்பதையும் அவர்கள் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். பாதிதான் ஞாபகம் இருக்கிறது என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். அந்தப் பாதியைப் பாடச் சொல்லுங்கள்.

பரீட்சை முடிவு வந்ததும் எழுதுகிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் சார்
சுந்தரபாண்டியபுரம்